மூடி இல்லாமல் வாங்கின மிஷின்

போன வாரம் ஏரி வேலையில் மண் கொட்டி முடித்து, வேப்பமரத்து நிழலில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்தோமே, அப்போது நடந்த பேச்சு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி தன் மகளுக்கு லேப்டாப் வாங்கணும், கையில் இருப்பது கொஞ்சம்தான், பழசு வாங்கலாமா, தவணையில் புதுசே எடுக்கலாமா என்று எல்லாரையும் கேட்டாள். ஆளுக்கு ஒன்று சொன்னீங்க. ஒருத்தி தன் பேரன் வைத்திருக்கிற கம்பெனிதான் நல்லது என்றாள். இன்னொருத்தி, கனமா இருக்குதான்னு தூக்கிப் பார்த்து வாங்கு என்றாள். நான் எப்பவும் போல வாய் திறக்கவில்லை. அவளாகவே என் பக்கம் திரும்பி, "நீ இன்னாக்கா சொல்ற?" என்று கேட்டுவிட்டாள்.

"மூடியோட வருதான்னு பாரு" என்றேன்.

நீங்க சிரிச்ச சிரிப்பில் மரத்தில் இருந்த காக்காய் எல்லாம் பறந்து போச்சு. "மூடி இல்லாத லேப்டாப் எங்கக்கா கீது? இது இன்னா கொழம்புச் சட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு முகம் சுட்டது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் படித்த எழுத்து கையில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் முதல் மிஷின் வாங்கினோம். டைப் மிஷின். இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மறியல் நடந்த வருசம் அது. எனக்குப் பத்து வயசு இருக்கும். கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் தண்ணி பாயுற ஊர் எங்களுது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்பு. கரும்புக்கு மேலே மலை.

என் அக்கா கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் போய் டைப் கிளாஸ் படித்தாள். தமிழ் லோயர் பாஸ் பண்ணியிருந்தாள். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு அடித்துக் கொடுக்கிற பெரியவர் ஒருத்தர், சொந்த மிஷினோடு வந்தால் தன் பக்கத்தில் பெஞ்சு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் அம்மா அடுப்படியிலிருந்தே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"கரும்புப் பணத்துல இதுக்கு மேல ஒத்தக் காசு கெடையாது. இந்தப் பணத்துக்கு மிஷின் அமைஞ்சா மிஷின். அமையலன்னா ஐப்பசியில கல்யாணம்."

மாப்பிள்ளை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தது. முதல் சம்சாரம் செத்துப்போன ஆள். அவர் பேச்சு எடுத்தாலே அக்கா எழுந்து மாட்டுக் கொட்டாய்க்குப் போய்விடுவாள். சாணி அள்ளுகிற நேரமாக இருக்காது, ஆனாலும் அள்ளிக்கொண்டு இருப்பாள்.

கள்ளக்குறிச்சியில் டைப் மிஷின் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக்கிடம் பழைய மிஷின் ரெண்டு விலைக்கு இருக்கிறது என்று தகவல் வந்தது. சனிக்கிழமைக்கு மேல் வைத்திருக்க மாட்டேன் என்றும் சொல்லியிருந்தாராம். அந்த வாரம் பார்த்துத்தான் ஊரே பயந்து கிடந்தது. எங்கேயோ மரத்தை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள், எங்கேயோ போலீஸ் சுட்டுவிட்டது என்று தினமும் ஒரு சேதி. ஜீப் சத்தம் கேட்டால் ஆம்பிளைகள் கரும்புக்குள் ஓடினார்கள். பொம்பளைகள் பகலிலேயே கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். தாழ் போட்ட வீட்டுக்குள் நெல் வேகிற வாசனையும் வேர்வையும் சேர்ந்து ஒரு புழுக்கம் இருக்கும். பயம் என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த வாசனைதான்.

இப்போ நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மிஷினைப் பற்றித் தெரிந்தவள் வீட்டில் ஒருத்திதான். அவளைத்தான் கூட்டிப் போகவில்லை. வயசுப் பொண்ணு, ரோடு கெட்டுக் கிடக்கிறது என்றார்கள். அப்பா படிக்காதவர். மாடு வாங்கத் தெரியும். அவர்தான் கிளம்பினார். கூட நான்.

என்னை எதுக்கு என்று அம்மா கேட்டது கதவு மறைவில் எனக்குக் கேட்டது.

"பொட்டப் புள்ள கூட இருந்தா எவனும் மேல கை வெக்க மாட்டான்" என்றார் அப்பா. "மறியல் பண்றவனும் வெக்க மாட்டான், போலீசும் வெக்க மாட்டான்."

அது வரைக்கும் ஊரைப் பார்க்கப் போகிறோம் என்று சந்தோசமாக இருந்தேன். அதைக் கேட்ட பிறகு அது போச்சு. கை வைக்கிற ஆள் இருந்தால்தானே அதற்கு ஒரு தடுப்பு வேணும்.

டைப் கிளாஸ் முடிந்த நாளிலிருந்து அக்கா ஒடஞ்ச கதவுப் பலகையில் சாக்பீஸால் கட்டம் கட்டி, எழுத்துக்களை எழுதி, அதன் மேல் விரலை வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். யளனக, யளனக என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தட்டுவாள். சத்தம் வராத மிஷின். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தட்டுவேன். எல்லா மனுவும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும் என்று 'ஐயா, வணக்கம்' அடிக்கிற விரலை மட்டும் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அது எனக்குக் கண்ணை மூடினாலும் வரும்.

கிளம்புகிற அன்று காலையில் அக்கா என்னை அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"மேல ஓடற உருளைதான் வண்டி. தமிழ் மிஷின்ல புள்ளி மொதல்ல விழும். அது கீழ எழுத்து வந்து ஒக்காரும். அதனால புள்ளி அடிச்சா வண்டி நகரக் கூடாது. நகந்துச்சுன்னா அது இங்கிலீஷ் மிஷின்ல தமிழ் எழுத்த ஒட்டினது. அப்பாவ வாங்க வுடாத."

"நான் எப்பிடிக்கா சொல்றது? அங்க ஆளுங்க இருப்பாங்களே."

"ஒண்ணும் சொல்ல வேணாம். அப்பா வேட்டியப் புடிச்சு இழு. போதும்."

காலை பஸ் ஓடியது. கள்ளக்குறிச்சியில் பாதிக் கடை திறக்கவில்லை. மெக்கானிக் பலகைக் கதவில் ஒன்றை மட்டும் விலக்கி எங்களை உள்ளே விட்டார். உள்ளே மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை. பெரிய மிஷின் ஒன்று, கையில் தூக்கிப் போகிற சின்ன மிஷின் ஒன்று, மேசை மேல் இருந்தது. சின்னதுக்கு மட்டும் பிடி வைத்த தகர மூடி இருந்தது, பச்சை நிறம், மேலே மாட்டினால் பெட்டி மாதிரி ஆகிவிடும்.

அப்பாவுக்குப் பார்த்ததுமே பெரிய மிஷின் மேல் ஆசை வந்துவிட்டது. அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். முன்னால் குனிந்து எழுத்துக் கம்பிகளைப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி விரலால் தள்ளிப் பார்த்தார். பக்கவாட்டில் தட்டினார். தூக்கிப் பார்த்து, "நல்ல எரும" என்றார். அப்புறம் தோள் துண்டை எடுத்துத் தன் கையை மூடி, மெக்கானிக் முன்னால் நீட்டினார். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தானே விலை பேசுவார்கள்.

மெக்கானிக் பயந்து போய் ஒரு அடி பின்னால் போனார். "கையில இன்னாங்க அடி?"

"அடி இல்லீங்க. வெல."

"வெலய வாயால சொல்லுங்க. இங்க யாரு கேக்கப் போறாங்க?"

பெரியது விலை கம்மி. சின்னது ஜாஸ்தி. அப்பாவுக்கு அது புரியவே இல்லை. இரும்பு ஜாஸ்தி இருப்பது எப்படி விலை கம்மி ஆகும்? அவர் சந்தோசமாக மடியை அவிழ்க்கப் போனார். நான் அந்த இடைவெளியில் பெரிய மிஷினில் புள்ளியை ஒரு தட்டு தட்டினேன். வண்டி நகர்ந்தது. சின்னதில் தட்டினேன். புள்ளி விழுந்தது, வண்டி அசையவில்லை. வேட்டியைப் பிடித்து இழுத்தேன். பத்தாது என்று இன்னொரு தரம் இழுத்தேன். வேட்டி அவிழ்ந்து போயிருக்கும், நல்லவேளை பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக் என்னையே பார்த்தார். "யாரு சொல்லி அனுப்பிச்சாங்க பாப்பா?" என்றார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

சின்னதுக்குப் பணம் பத்தவில்லை. அப்பா நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். கடைசியில் மெக்கானிக்குக்கே மனசு இளகி, "மூடி இங்க இருக்கட்டும். மிஷினை மட்டும் எடுத்துக்கினு போங்க. மீதி கெடைக்கும்போது வந்து மூடிய வாங்கிக்குங்க" என்றார். தூக்கிப் போகும்போது வண்டியை நகராமல் பிடிக்கிற கொக்கி உடைந்திருந்தது. அதற்குச் சணல் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். அப்பா அதே துண்டால் மிஷினைச் சுற்றினார்.

நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது பஸ் ஒன்றும் இல்லை. மலையிலிருந்து கடுக்காய் விற்க வந்தவர்கள் வெறும் சாக்கை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். எல்லா ரோட்டிலும் மரம் விழுந்தாச்சு என்றார்கள். அப்பா துண்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

ரோட்டில் நடுமத்தியானத்தில் ஒரு வண்டி கூட இல்லை என்றால் எப்படி இருக்கும் தெரியுமா? காக்காய் கூட கத்தாது. எங்கள் செருப்புச் சத்தம் யாரோ பின்னால் வருகிற மாதிரி கேட்டது. ஒரு இடத்தில் பெரிய புளியமரத்தை ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பச்சை இலை வாசனை மூக்கில் ஏறியது. பிஞ்சுப் புளி தரையெல்லாம் கிடந்தது. மரத்தின் மேல் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். கோடாலி வைத்திருந்தவர் எங்களுக்குச் சித்தப்பா முறை.

"இன்னாண்ணே, தலையில சாமியா?" என்றார். "எறக்கி வச்சிட்டு நீயும் ஒக்காரு. எல்லாருக்காகவும்தானே ஒக்காந்துகினு கீறோம்."

"புள்ள கீதுப்பா கூட" என்றார் அப்பா. "வூட்டுல வுட்டுட்டு வரேன்."

"அதுக்குத்தான் இட்டுக்கினு வந்தியா புள்ளய?" என்று சிரித்தார் சித்தப்பா. அப்பா சிரிக்கவில்லை. நாங்கள் மரத்தைச் சுற்றி இறங்கிப் போனோம். கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னால் வேன் சத்தம், விசில் சத்தம், ஓடுங்கடா என்று குரல். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரும்புக்குள் புகுந்தார்.

கரும்புச் சோகை முகத்தில் அறுத்தது. உள்ளே போய்க் குந்தினோம். அப்பா மிஷினை மடியில் வைத்து இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப் பிடித்தார். சணல் எப்பவோ அவிழ்ந்து போயிருந்தது. மூடி இல்லாததால், மூச்சு வாங்க வாங்க அவர் நெஞ்சு எழுத்துகளின் மேல் அழுந்தியது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. வரி முடிகிற இடத்தில் மணி அடிக்கும் என்று அக்கா சொல்லியிருந்தாள். எனக்கு அது தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

நான் துண்டுக்குள் கையை விட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டேன். ஸ்பிரிங் என் விரலை இரும்போடு சேர்த்து நெரித்தது. ரோட்டோரக் கரும்பை லத்தியால் அடித்துக்கொண்டு வந்தார்கள். படார் படார் என்று கேட்கும், அப்புறம் ஒரு ஆள் கத்துவான். எங்களுக்குப் பக்கத்தில் ஒருத்தர் ஓடினார், சோகை என் மேல் சரிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தேன். அப்போது அப்பா என்னை மறைக்கிறதுக்காக ஒரு பக்கமாகத் திரும்பினார். பாசத்தில்தான் திரும்பினார். என் விரல் நழுவியது.

டிங் என்றது.

அந்த மாதிரி ஒரு சத்தம் கரும்புக்குள் அதுவரை கேட்டிருக்காது. லத்திச் சத்தம் நின்றது. அப்புறம் சோகை விலகி ஒரு காக்கிச் சட்டை தெரிந்தது.

அப்பாவை முடியைப் பிடித்து, ரோட்டில் மரம் சாய்ந்து கிடந்த இடத்துக்கே இழுத்து வந்தார்கள். காலில் ஒரு அடி விழுந்தது. துண்டை உருவினார்கள். மீசை வைத்த ஏட்டு ஒருத்தர் மிஷினைப் பார்த்து, "ஓகோ" என்றார். "நோட்டீஸ் அடிக்கிறவன் நீதானா?"

"சாமி, எனக்குப் படிக்கவே தெரியாதுங்க."

"படிக்கத் தெரியாதவன் எதுக்குடா டைப் மிஷின் வாங்கினே? யாருக்கு இது? அடிக்கிறவன் யாரு?"

அப்பா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். எனக்கு அது விளங்கியது. பெரிய பொண்ணுக்கு என்று சொன்னால் ஜீப் வீட்டுக்கு வரும். சொல்லாவிட்டால் அப்பா வேனில் ஏறணும். வேனுக்குள் கோடாலிச் சித்தப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ரத்தம். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்றா!" என்று ஏட்டு லத்தியை ஓங்கினார்.

என் பாவாடை நனைந்து காலில் சூடாக வழிந்தது. "எனக்கு" என்றேன்.

என் குரல்தான் அது என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஏட்டு குனிந்தார். "ஒனக்கா?"

"எனக்குத்தான். நான்தான் அடிப்பேன்."

சுற்றி நின்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். "அடிச்சுக் காட்டு பாக்கலாம்" என்று ஏட்டு மிஷினை எடுத்து விழுந்து கிடந்த புளியமரத்தின் மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து உருளையில் அவரே செருகினார். நான் மரத்துக்கு முன்னால் மண்டி போட்டேன். மை ரிப்பன் காய்ந்திருந்தது. விரல் வீங்கி எரிந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவுப் பலகைதான் இது, சாக்பீஸ்தான் இது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐயா. அப்புறம் வணக்கம். புள்ளி முதலில் விழுந்தது, வண்டி நகரவில்லை, 'க' அதன் கீழே வந்து உட்கார்ந்தது.

ஏட்டு தாளை உருவிப் படித்தார். "ஐயா வணக்கமாம்டா" என்று மற்றவர்களிடம் காட்டினார். அப்புறம் என்னிடம், "ஊரு எது? எந்த ஸ்கூலு? எத்தினியாவது?" என்று வரிசையாகக் கேட்டார். நானும் வரிசையாகச் சொன்னேன். ஸ்கூலில் கேட்டால் சொல்வது போல, கையைக் கட்டிக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னேன்.

"தூக்கிக்கினு ஓடு" என்றார் அப்பாவிடம். "ரோட்டு மேல போவாத. வாய்க்கா மேலயே போ."

வாய்க்கால் மேல் அப்பா நொண்டிக்கொண்டு நடந்தார். வேனில் இருந்த சித்தப்பாவை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. சித்தப்பா பிற்பாடு வெளியே வந்தார். வந்த பிறகு எங்கள் வாசல் பக்கம் வந்ததில்லை.

அக்கா மிஷினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவின் காலை அப்புறம்தான் பார்த்தாள். "சரியானதா பாத்து வாங்கிக்கினு வந்திருக்கிறீங்கப்பா" என்றாள். அப்பா சுவரில் சாய்ந்து அம்மாவைப் பார்த்து ஒன்றுதான் சொன்னார்.

"ஊரு, ஸ்கூலு, கிளாஸு, எல்லாத்தையும் போலீசு கையில குடுத்துட்டா."

அன்றைக்கே என் பாவாடை ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து, அந்த மணிக்குள் அடைத்துவிடச் சொன்னார். அக்கா அடைத்தாள்.

ஐப்பசியில் கல்யாணம் நடக்கவில்லை. அக்கா தாலுகா ஆபீஸ் வாசலில் பெஞ்சு போட்டாள். மலையிலிருந்து பட்டா கேட்டு வருகிறவர்கள் அவளைத் தேடி வருவார்கள். அவள் மிஷினில் மட்டும் வரி முடிந்தால் சத்தம் வராது. பக்கத்து மிஷின்காரர்கள், ஊமை மிஷின் என்று கிண்டல் பண்ணுவார்களாம். மூடி வாங்க யாரும் போகவில்லை. அந்த மெக்கானிக் கடையும் பிறகு இல்லை.

நான் அஞ்சாவதை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே முடித்தேன். ஆறாவதுக்குக் கச்சிராயபாளையம் போகணும். போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷன் இருந்தது. "அவ மூஞ்சி அவங்களுக்குத் தெரியும்" என்றார் அப்பா. அவ்வளவுதான். அம்மா ஒரு தரம், வருசம் மாறிப் போச்சே, இனிமே யாரு கேக்கப் போறாங்க என்றாள். அப்பா அந்தப் பேச்சுக்கு எழுந்து மாட்டுக் கொட்டாய்க்குப் போனார்.

அந்த ஏட்டு எங்கள் ஊருக்கு வரவே இல்லை. அந்தத் தாளை ரோட்டிலேயே கசக்கிப் போட்டிருப்பார். ஒருவேளை வீட்டுக்குக் கொண்டு போய்த் தன் பெண்ணிடம் காட்டியிருப்பார். எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. தெரியாததால்தான் அவர் சாகிற வரைக்கும் ஜீப் சத்தம் கேட்டால் என்னை உள்ளே போகச் சொன்னார். அப்போ எனக்குப் பிள்ளைகளே பெரிசாகியிருந்தது.

அப்பா காரியம் முடிந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பின பிறகு, அக்கா பரணிலிருந்து மிஷினை இறக்கினாள். கம்ப்யூட்டர் வந்து அது எப்பவோ ஓய்ந்து போயிருந்தது. ஊக்கை நிமிர்த்தி மணிக்குள் விட்டு அந்தத் துணியை வெளியே எடுத்தாள். என் பாவாடைத் துணி, நீலப் பூ போட்டது, பூ மட்டும் நிறம் போகாமல் இருந்தது.

"இனிமே இன்னா, அடி" என்று என் முன்னால் தள்ளினாள்.

விரலுக்கு மறக்கவில்லை. ஐயா வணக்கம் என்று அடித்தேன். மறுபடி மறுபடி அதையே அடித்துக்கொண்டு போனேன், எனக்கு வேறு தெரியாதே. வரி முடிகிற இடம் வந்தது.

டிங் என்றது.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்கணும். அக்கா வண்டி மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் கை மேல் என் கையை வைத்தேன். பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.